ஜாடிக்குள் ஒரு மூச்சு

வெள்ளை ஒயினுக்குப் பச்சைத் திராட்சைதான் வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், டாக்டரம்மா. கறுப்பிலும் போடலாம். பிழிந்த கையோடு தோலைப் பிரித்துவிட்டால் நிறம் சாற்றில் இறங்காது. பத்தொன்பது வருடமாக வீட்டின் பின்னறையில் நான் போட்டுவருகிறேன். என் மனைவி உங்களிடம் கொண்டுவந்து கொடுத்த அந்த நாலு வாசனைச் சீசாக்களுக்கு வருகிறேன். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவசரமில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். தெளிவாகத் தெரிவதில்தான் எனக்கு நம்பிக்கை. என் ஒயினை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கும் செய்தித்தாளின் பொடி எழுத்தைக்கூடப் படிக்கலாம். மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்து, அடிவண்டல் கலங்காமல் குழாய் வைத்து இறக்குவேன்.

ஞாயிறு மாலைகளில் பல் டாக்டர், தபால்காரர், என் மச்சான் மூவரும் ருசி பார்க்க வருவார்கள். நான் ஊற்றிக் கொடுப்பேன். அவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் கிளாஸுக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடுவாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஈரத்துணி வாடைதான் லேசா அடிக்குது."

அவ்வளவுதான். அதன்பிறகு மூன்று பேருக்கும் ஈரத்துணி வாடை அடிக்கத் தொடங்கிவிடும். ஒருமுறை, "குழாய மாத்தினீங்களா? ரப்பர் தெரியுதே" என்றாள். மாற்றித்தான் இருந்தேன். பல் டாக்டர் அவளுக்கு மூக்குராணி என்று பேர் வைத்தார். ஒரே வருடத்தில் கடைக்கு வருகிறவர்களும் என்னை மூக்குராணி வீட்டுக்காரர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு அவளே ஒரு ஜாடி போட்டாள், பேரிக்காயில். ஒழுங்காக வடிகட்டக்கூட இல்லை. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கல். அந்த ஞாயிறு மச்சானுக்கு ஒரு விளையாட்டு தோன்றியது.

"எல்லாரும் கண்ணக் கட்டிக்கிட்டுக் குடிங்க. எது மாமாவோடது, எது அக்காவோடதுன்னு தெரியாமச் சொல்லணும்."

கண்ணைக் கட்டிவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? மூன்று பேரும் அவளுடையதைத்தான் நல்லது என்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நானும் அவளுடையதைத்தான் சொல்லியிருந்தேன். கட்டை அவிழ்த்தபோது தபால்காரர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஜாடியைக் கழுவியபின் உள்ளே ஒரு கந்தக வத்தியைக் கொளுத்துவது வழக்கம், கிருமி சாகும். புகை போனதும் மறுபடி கழுவிக் காயவைத்து அவளிடம் காட்டுவேன். அவள் தலையை ஜாடிவாய்க்குள் விட்டு நெஞ்சு நிறைய ஒரே மூச்சாக இழுப்பாள். லேசாக முகர்ந்தால் ஒன்றும் பிடிபடாது என்பாள். அந்தப் பருவத்தில் பெரிய ஜாடிக்குள் ஒன்றுக்கு நாலாகக் கொளுத்தி, மூடியை இறுக்கினேன். கழுவவில்லை. பிறகு கூப்பிட்டேன்.

"கழுவிக் காய வச்சாச்சு. ஒருவாட்டி மோந்து பாத்துடேன்."

அவள் குனிந்த பிறகுதான் மூடியை எடுத்தேன்.

கழுவின ஜாடி என்று நினைத்துக் கழுவாததைக் காட்டிவிட்டேன், விபத்து என்று உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். அவளும் அப்படித்தான் நம்புகிறாள். பேச முடிந்த முதல் நாள், "என் அவசர புத்திதாங்க காரணம், மொதல்ல லேசா மோந்திருக்கணும்" என்று என்னையே தேற்றினாள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளும் நான் அவள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. கொடுத்துவைத்தவள் என்று நர்ஸ்கள் அவளிடம் சொன்னார்கள்.

மூக்கு செத்துப்போகவில்லை, தூங்குகிறது என்றீர்கள். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் என்று நாலு வாசனைகளைக் காலையும் மாலையும் முகர்ந்து பழகினால் எழுந்துகொள்ளும் என்றீர்கள். வேளை தவறாமல் நான்தான் சீசாவை அவள் மூக்கருகே பிடித்தேன். மூன்றாம் மாதம் ஒரு காலையில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எலுமிச்சங்கா... எலுமிச்சங்காதானேங்க?"

அழுதாள். நானும் அழுதேன். அவள் குளிக்கப் போனதும் நாலு சீசாக்களையும் கொட்டிக் கழுவித் தண்ணீர் நிரப்பினேன். நான் கழுவினால் வாடை மிச்சமிருக்காது, நீங்களே இப்போது முகர்ந்து பார்த்தீர்கள். ஐந்து மாதமாக அவள் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரை முகர்கிறாள். அன்றைக்கு எலுமிச்சை தெரிந்தது தன் பிரமை என்று இப்போது சொல்கிறாள்.

இவ்வளவையும் எழுதிக்கொண்டீர்கள். போன ஞாயிறு நடந்ததையும் எழுதிக்கொள்ளுங்கள். புது ஒயினைத் திறந்தேன். அவள் பழைய பழக்கத்தில் கிளாஸுக்குள் மூக்கை விட்டாள், கண்ணை மூடினாள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுவரைக்கும் போட்டதுலயே இதுதாங்க நல்லா வந்திருக்கு."

யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. மற்ற மூவரும் பாதிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பினார்கள். அவர்கள் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் கூட்டத்தில் மூக்கு உள்ளவள் அவள் ஒருத்திதான்.