காட்டுக்குள் போன தோட்டம்

போடிமெட்டு ஏறும் ஜீப்பில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

“ரெண்டு நாளா எங்க ஏலத்தோட்டம் காட்டுக்குள்ள கெடந்துச்சு மதினி,” என்றாள் இளையவள்.

“தோட்டம் எப்பிடிடி நகரும்?”

“பழைய சர்வே படத்தை அப்பிடியே செல்போன் மேப்புல ஏத்திட்டாக. எல்லையெல்லாம் தள்ளிப்போயி ஃபாரஸ்ட்டுக்குள்ள விழுந்துருச்சு. மேப்புல காட்டுற எடத்துல கல்லு இல்லைன்னதும், பக்கத்துத் தோட்டத்துக்காரரு எல்லைக்கல்லை நகட்டிட்டாருன்னு எங்க வீட்டுக்காரரு கடப்பாரையோட கெளம்பிட்டாரு.”

“பெறகு?”

“அளக்க வந்த புள்ளதான் நிப்பாட்டுச்சு. அந்தக் காலத்துல பூமியோட உருவத்துக்கு ஒரு கணக்கு வச்சுப் படம் வரைஞ்சாகளாம், போனுக்கு வேற கணக்காம். அந்தப் பழைய கணக்கைப் போன் கணக்குக்கு மாத்துச்சு. படத்துல உள்ள கல்லெல்லாம் மண்ணுல உள்ள கல்லு மேலயே வந்து உக்காந்துருச்சு.”

“கெட்டிக்காரப் புள்ள.”

“ஆமா. எங்க வீட்டுக்காரரு கடப்பாரையைப் போட்டுட்டு, தானே டீ போட்டு அந்தப் புள்ளைக்குக் கொண்டாந்து குடுத்தாரு மதினி. கல்யாணமானதுல இருந்து அவரு அடுப்புப் பக்கம் வந்து நான் பாத்ததில்ல.”