இரண்டாவது கேபிள்

என் பெயரையும் வீட்டு முகவரியையும் முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்தொன்று. பல்கலைக்கழகக் கணினி வலையமைப்புப் பிரிவில் பொறியாளராக வேலை பார்க்கிறேன். நெட் வரவில்லை என்று வளாகத்தில் யார் கத்தினாலும் என் தலையில்தான் விடியும். ஒழுங்காக வரும்போது இப்படி ஒரு பிரிவு இருப்பதே யாருக்கும் தெரியாது.

சம்பவத்தன்று நுழைவுத் தேர்வு. மாணவர்கள் அரங்குகளில் கணினியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தேர்வு நாளில் சர்வர் அறைக்குள் போகிறவர்கள் செல்போன், லேப்டாப், கைப்பை எல்லாவற்றையும் காவலாளியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நானும் கேபிள் டெக்னீஷியனும் அப்படியே ஒப்படைத்துவிட்டு, ஒரு மின்விசிறி சத்தம் போடுகிறது என்று அடித்தளத்தில் உள்ள அந்த அறைக்குள் போனோம். அவர் எனக்கு உறவில்லை. ஆனால் வளாகமே அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடும். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர்.

அதன் பிறகு வேலை முடிந்து வெளியே வரப் பார்த்தோம். கதவு திறக்கவில்லை. முன்பு அது சாவியால் திறந்த கதவு. யார் வருகிறார், யார் போகிறார் என்று பதிவாகட்டும் என இரண்டு பக்கமும் அட்டை காட்டித் திறக்கும்படி மாற்றியது நான். முந்தின நாள் அதைப் புது நெட்வொர்க் சுவிட்சில் இணைத்ததும் நான். உள்ளே வரும் பக்கத்தைச் சோதித்தேன், வெளியே போகும் பக்கத்தை மறந்துவிட்டேன். தேர்வு நாளில் வெளியிலிருந்தும் எங்கள் இருவர் அட்டைக்குத்தான் திறக்கும், அவை எங்களோடு உள்ளே இருந்தன. பூட்டுக்கான மின்பெட்டி வெளிச்சுவரில் இருக்கிறது. அறையிலிருந்த இன்டர்காமை, இதில் யார் பேசப்போகிறார்கள் என்று கழற்றி எறிந்ததும் நான்தான். திரை, கீபோர்டு எதுவும் அங்கே கிடையாது, எல்லாவற்றையும் மேலே அலுவலகத்திலிருந்தே இயக்குவோம். இந்த முன்னேற்றங்களுக்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு கதவைத் தட்டினோம். தாழ்வாரத்தில் ஆளில்லை. கேமராவுக்கு முன் நின்று கையை ஆட்டினோம். காவலாளி தேர்வு அரங்குகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் அறிந்தேன்.

அதன் பிறகு அந்தக் குளிரிலும் சித்தப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. சர்க்கரை இறங்கிவிட்டது. அதற்காக அவர் எப்போதும் வைத்திருக்கும் மிட்டாய், காவலாளியிடம் கொடுத்த பையில் இருந்தது. பேச்சு குழறியது. என்னை வேறு யாரோ என்று நினைத்துத் திட்டினார்.

யாராவது வரட்டும் என்று அலுவலகங்களுக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினேன். ஒருவரும் வரவில்லை. அலுவலகத்தில் நெட் போனால் எழுந்து டீ குடிக்கப் போவார்கள், வேறொன்றும் செய்யமாட்டார்கள். அதன் பிறகு தேர்வு அரங்குகளுக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினேன். அப்போதும் வரவில்லை. ஒன்று போனால் கண்ணிமைப்பதற்குள் இன்னொன்று வேலை செய்யும்படி இரண்டாவது கேபிள் போட்டிருந்தேன். என் வேலை அவ்வளவு சுத்தம்.

இரண்டாவதில் கை வைத்தபோது சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். “அத மட்டும் புடுங்காதம்மா. பாப்பா எழுதிட்டிருக்கா” என்றார். அவருடைய ஒரே மகள் அந்தத் தேர்வைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். வெகு நேரத்துக்குப் பிறகு அவர் தெளிவாகப் பேசியது அது ஒன்றுதான். கையை விலக்கிவிட்டுப் பிடுங்கினேன். இரண்டு கேபிள்களும் தவறுதலாகக் கழன்றிருக்க முடியாது என்று விசாரணையில் நிபுணர் சொன்னது சரிதான்.

அதன் பிறகு எல்லோரும் ஓடி வந்தார்கள். கதவுக்கு வெளியே தேர்வு அதிகாரியின் குரல் கேட்டது.

“மொதல்ல கேபிள மாட்டுங்க!”

“கதவ ஒடைங்க சார், சித்தப்பா மயங்கிட்டாரு.”

“பரீட்சை முடியட்டும்மா, கதவ அப்புறம் பாத்துக்கலாம்.”

“கதவு ஒடஞ்சாத்தான் கேபிள் மாட்டுவேன்” என்றேன். இதை மிரட்டல் என்று புகாரில் எழுதியிருக்கிறார்கள். மிரட்டல்தான். மாட்டியிருந்தால் அத்தனை பேரும் வந்த வழியே திரும்பிப் போயிருப்பார்கள்.

கதவை உடைத்தார்கள். சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு இரண்டு கேபிள்களையும் மாட்டினேன். அதற்குள் கணினிகள் தேர்வை மூடியிருந்தன. தேர்வு ரத்தானது.

மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தேன். வியர்த்ததற்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. எனக்கு இருந்த ஒரே சாட்சி அவர். மகள் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். “பாப்பா எழுதிட்டிருந்தது ஒனக்குத் தெரியாதாம்மா?” என்று சித்தப்பா கேட்டார். தெரியாது என்றேன். தெரியும் என்றால் எப்படி என்று கேட்பார். அவர் கெஞ்சியதையும் நான் கேட்காததையும் மகளுக்கு முன்னால் சொல்ல வேண்டிவரும்.

வாக்குமூலத்தைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் உள்ளது அத்தனையும் உண்மை. சித்தப்பாவிடம் சொன்னது மட்டும் பொய். இதன் நகல் அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவரும் இந்த வழக்கில் சாட்சி, அவருக்கும் படித்துக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று விசாரணை அதிகாரி சொன்னார். தெரிந்துகொண்டே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)