வெள்ளிக்கிழமை முட்டை

கொழும்பில், கிராண்ட்பாஸ் ட்ராமில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் ஒரு பட்டர் தகரப்பேணி.

“இஞ்சாருங்கோ, வெள்ளிக்கிழமை எங்கடை சட்டியிலை ஆர் முட்டை அவிச்சது? மணந்தது.”

அவர் வெளியே பார்த்தார். “நான்தான். நீர் கோயிலுக்குப் போன நேரம்.”

“எங்கடை மகனுக்கு வலிப்பு நிக்கவேணும் எண்டுதானே வெள்ளியிலை வீட்டிலை மீன், முட்டை, ஒரு மச்சமும் இல்லையெண்டு நேந்தனான்! பருப்புக் குடுத்திருக்கலாமே.”

“பருப்பும் சோறு மாதிரித்தானாம். வலிப்பு நிக்கச் சோத்தை விட்டுக் கொழுப்புத்தான் கூடக் குடுக்கவேணுமெண்டு டொக்டர் சொன்னவர். மஞ்சட்கருவும் பட்டரும் தாராளமாக் குடுக்கலாம். மீன், வெள்ளைக்கரு எல்லாம் அளவோடை. சோத்தை நிப்பாட்டின பிறகு ஒருக்காலும் வலிப்பு வரேல்லைத்தானே?”

அவள் பேணியின் மூடியை அழுத்திப் பார்த்தாள்.

“அப்ப மிச்ச வெள்ளைக்கரு எங்கை?”

“குப்பையிலை போட்டால் நீர் கண்டிடுவீர். நான் விழுங்கினனான்.”

“விரதத்தோடையோ!”

“ஓம்.”

பின்னால் இருந்த எனக்கு அவள் தோள்கள் குலுங்குவதுதான் தெரிந்தது. சிரிக்கிறாள்.

“வாற வெள்ளியும் நான் கோயிலுக்குப் போவன்,” என்றாள். “ஆறுதலா, நேரம் எடுத்துத்தான் வருவன். நீங்கள் சட்டியை வடிவாக் கழுவி வையுங்கோ.”