நான் தலையாட்டிய பெயர்

பெயர்: பிலேந்திரன் அருள்ராணி. வயது: நாற்பத்திரண்டு. பிறந்த இடம்: ஊர்காவற்றுறை, இலங்கை. தற்போதைய வதிவிடம்: எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ. தொழில்: முதியோர் இல்லத்தில் உதவித் தாதி. வாக்குமூலம் பதியப்பட்ட நாள்: 2008 பெப்ரவரி 28, வியாழக்கிழமை, காலை பத்து மணி. பொலிஸ் அதிகாரி முன்னிலையில் தமிழில் சொல்லப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் தேவிகாவால் தமிழிலேயே எழுதப்பட்டது; அதிகாரி தன் மொழியில் குறிப்பெடுத்தார்.

நான் நோர்வேக்கு வந்து இருபத்தொரு வருடம். நோர்வேஜிய மொழி எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டது நான்தான். நோர்வேஜிய மொழியில் ஓம் சொல்லி விடயத்தை முடித்துக்கொள்வது எனக்கு மிகவும் பழகிப்போய்விட்டது. இந்த வழக்கும் அப்படிச் சொன்ன ஓர் ஓமில்தான் தொடங்கியது.

1987ஆம் ஆண்டு நோர்வேயின் வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தேன். அங்கே என்னோடு ஒரே மேசையில் நின்று மீன் வெட்டிய வயதான நோர்வேப் பெண்கள் காலுக்கொரு நீண்ட சட்டமாக ஸ்கீ கட்டிப் பனியில் சறுக்க எனக்குப் பழக்கினார்கள். அவர்கள் செய்ததையெல்லாம் பார்த்துச் செய்து பழகினேன். ஒஸ்லோவுக்கு மாறி வந்த பின்னரும் விடவில்லை. காட்டுத் தடத்திலும் ஓடுவேன், மலைச்சரிவிலும் இறங்குவேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் குளிர்கால நாளில் பிள்ளைகளுக்கு ஸ்கீ பழக்குவதும் நான்தான். கடைசியாக எப்போது விழுந்தேன் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்டில் மட்டும் பெப்ரவரி பத்தாம் திகதிக்கு முன்னர் ஒருநாளும் ஏறியதில்லை.

கரோலினா என் அக்கா எமிலியின் மகள். வயது இருபது, இங்கே பிறந்தவள். பொலிஸ் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இருக்கிறாள். பெயரில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் அங்கே எடுக்கமாட்டார்கள் என்பது இதைப் பதியும் அதிகாரிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் இன்று வந்தது அதற்காகத்தான்.

பெப்ரவரி பத்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நானும் கரோலினாவும் நகருக்கு வடக்கே உள்ள சறுக்குமேட்டுக்குப் போனோம். அதற்கு முன் நான் ஒன்பது நாள் ஓய்வில்லாமல் வேலை செய்திருந்தேன். ஸ்கீயைக் காரில் விட்டுவிட்டுத்தான் இறங்கினேன். சும்மா இருந்து அவள் ஓடுவதைப் பார்க்கிற எண்ணம். அவள் இரண்டு மூன்று தரம் இறங்கிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"சின்னம்மா, நீங்க விழுந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. ஒருக்கா இதில ஏறிப் பாருங்கோவன்," என்றாள்.

"எனக்கு என்னத்துக்கடி இந்த வயசில இந்தக் கூத்து," என்றேன். ஆனால் ஆசையாக இருந்தது. வீட்டிலும் வேலையிலும் சங்கத்திலும் நான் எல்லாம் தெரிந்தவள். ஒன்றும் தெரியாதவளாக ஒரு மணித்தியாலம் இருந்து பார்க்க வேண்டும் போலிருந்தது.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பலகை, அவளுடையது. அவளுடைய சப்பாத்தும் எனக்கு அளவு. பழகுகிறவர்கள் பாதி நேரம் பனியில்தான் இருப்பார்கள், உங்கள் மெல்லிய சட்டை நனைந்துவிடும் என்று சொல்லித் தன் தடித்த ஜக்கற்றையும் கழற்றித் தந்தாள். அதன் கைப் பொக்கற்றுக்குள், மேட்டுக்கு இழுத்துப்போகும் லிப்டுக்கான அவளுடைய பருவகால அட்டை இருந்தது. "ஆரும் கேட்டா ஒண்டும் சொல்லாதேங்கோ. மற்றாக்கள் பாவிச்சா அட்டையைப் பறிச்சுப்போடுவாங்கள்," என்றும் சொன்னாள். சிறுவர் மேட்டில் என் கையைப் பிடித்து இரண்டு தரம் இறக்கினாள். அதன் பின்னர் கால் விறைக்கிறது என்று என் சப்பாத்தை மாட்டிக்கொண்டு தேநீர்ச்சாலைக்குள் போனாள். அடுத்து நடந்த எதையும் அவள் காணவில்லை.

சிறுவர் மேடு போதும் என்று நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. இருபது வருடம் சறுக்கியவளுக்கு இது என்ன பெரிய காரியம் என்று நினைத்து இழுவை லிப்டைப் பிடித்து நடு மேட்டுக்குப் போனேன்.

அங்கேயிருந்து இறங்கத் தொடங்கியதும் என் உடம்பு பழைய பழக்கத்துக்கே போனது. பலகையில் பக்கவாட்டாக நிற்க வேண்டும். நான் ஸ்கீயில் நிற்பதுபோல இரண்டு தோளையும் சரிவுக்குத் திருப்பினேன், பலகையும் திரும்பி நேராகக் கீழே ஓடத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்க இரண்டு குதிகாலையும் வெளியே தள்ளினேன். ஸ்கீயாக இருந்தால் பின்பக்கம் விரிந்து மெல்ல நின்றிருக்கும். இங்கே இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டுப்பட்டுக் கிடந்தன, ஒன்றும் அசையவில்லை. எனக்கு முன்னால் சரிவின் நடுவில் ஒரு பெண் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு ஸ்கீயில் நின்றார். அவருடைய வலது பக்கம் நல்ல இடம் இருந்தது. பலகை அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் சத்தம் போட்டேன். அவர் அசைந்தார். அதன் பின்னர் திரும்புவதற்காக வலது கையைப் பனியில் ஊன்றினேன். ஸ்கீத் தடி கையில் இருப்பதாகவே என் உடம்பு நினைத்தது. தடி இல்லை, வெறும் கைமுட்டிதான் ஊன்றியது, மணிக்கட்டு முறிந்தது. அடுத்த கணம் அவர்மேல் மோதினேன்.

அந்த அம்மாவின் பெயர் ஓஸ்ஹில்ட் என்றும் வயது அறுபத்தேழு என்றும் பின்னர்தான் தெரியவந்தது. அவர் முகம் பனிக்குள் இருந்தது, முழங்கால் திரும்பியிருந்தது. என் தொழில் முதியவர்களைத் தூக்குவது. ஒரு நாளைக்குப் பத்துப் பேரைத் தூக்கி இருத்துகிறேன். அன்று கால் இரண்டும் கட்டுப்பட்டு, கை தொங்கி, அவரிடம் நகர்ந்து போகக்கூட என்னால் முடியவில்லை. அதற்குள் ஆட்கள் கூடி அவரை மறைத்துவிட்டார்கள்.

மீட்புப் பணியாளர் இருவர் சறுக்கு வண்டிலோடு வந்தார்கள். ஒருவர் ஜக்கற்றின் கைப் பொக்கற்றில் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்து, கரோலினாவா என்று கேட்டார். அட்டையில் அவளுடைய படமும் இருந்தது. எங்களுக்குள் இருபத்திரண்டு வயது வித்தியாசம். அவர் படத்தைப் பார்த்தார், தலைக்கவசத்துக்கும் கண்ணாடிக்கும் கீழே தெரிந்த என் மண்ணிற மூக்கைப் பார்த்தார், அவருக்கு அது போதுமாக இருந்தது. நான் தலையாட்டினேன். பிள்ளையின் அட்டையைப் பறித்துவிடுவார்கள் என்ற ஒரே நினைப்புத்தான் அப்போது இருந்தது. கை முறிந்ததை நான் சொல்லவில்லை, அவர் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் அவசர மருத்துவ நிலையத்தில் மாவுக்கட்டுப் போட்டார்கள். வீதிப் பனியில் வழுக்கிக் கை முறித்தவர்கள் எனக்கு முன்னும் பின்னும் வரிசையாக இருந்தார்கள். எப்படி முறிந்தது என்று மருத்துவர் கேட்டதற்கு, பனியில் விழுந்தேன் என்றேன். அவர் தந்த கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஆகையால் அது எனக்கு உதவாது என்று அதிகாரி சொல்வது சரி.

பதினெட்டாம் திகதி கரோலினாவுக்குப் பொலிஸ் கடிதம் வந்தது. அவள் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் இருபதாம் திகதி இங்கே வந்து, தான்தான் மோதியதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பின்னர் தெரியவந்து கேட்டபோது, "உங்கட வேலை போயிடும் சின்னம்மா. எனக்கு வேற படிப்பு இருக்கு," என்றாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தக் கல்லூரிக்காக இரண்டு வருடம் ஓடித் தன்னைத் தயார் செய்தவள் அவள். அவளை ஏசவும் எனக்கு வாய் வரவில்லை, மோதிய நாளில் இருந்து அந்தக் கடிதம் வரும்வரை நானும் எட்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன்.

அதன் பின்னர் நான் அக்கா வீட்டுக்குப் போய், பொலிஸுக்குப் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்றேன். அக்கா என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

"பிள்ளைக்காக நீ இவ்வளவும் செய்யிறாய் அருள். கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டார்," என்றா.

"நான் ஒண்டும் செய்யேல்லை அக்கா. நான்தான் இடிச்சனான்."

"ஓம், ஓம். அங்கை போய் அப்பிடியே சொல்லு. மாத்திக் கதைச்சிடாதை."

பொய் சொல்லும்போது என்னை எல்லோரும் நம்பினார்கள். உண்மை சொல்லும்போது கூடப் பிறந்தவளே நம்பவில்லை. எனக்குக் களைத்துவிட்டது. திரும்பவும் விளக்கம் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று காலை அதிகாரியும், ஒரு பலகையில் இரண்டு பேர் ஏறியிருக்கிறீர்கள், இதில் யாரை இறக்குவது என்று கேட்டார். எங்கள் ஆட்களிடம் பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் பழியைத் தாங்கள் ஏற்பது புதிதல்ல என்றும், நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஸ்னோபோர்டில் இறங்கினார் என்பதை எழுதவே தனக்குச் சிரமமாக இருக்கிறது என்றும் சொன்னார். எனக்கும் கேட்கச் சிரமமாகத்தான் இருக்கிறது என்றேன்.

அதன் பின்னர் அவர், மோதுவதற்கு முன் சத்தம் போட்டேன் என்றீர்களே, என்ன சத்தம் என்று கேட்டார். "லொய்ப்பெ" என்று கத்தினேன் என்றேன். காட்டுத் தடத்தில் பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரை விலகச் சொல்லிப் போடும் பழைய சத்தம் அது. பாட்ஸ்பியோர்ட்டில் அந்தப் பெண்கள் பழக்கியது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படிக் கத்துவதில்லை, மலைச்சரிவில் ஒருவருமே கத்துவதில்லை. கரோலினாவுக்கு அந்தப் பழக்கமே இல்லை.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கோப்பைப் புரட்டினார். எழுந்து நின்று எப்படிக் கையை ஊன்றினேன் என்று காட்டச் சொன்னார். நான் மாவுக்கட்டுக் கையை மேலே தூக்கிக் கீழே குத்திக் காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் தேவிகா தலையைக் குனிந்துகொண்டா.

அதன் பின்னர் அவர் ஓஸ்ஹில்ட் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து சொன்னதில் ஒரு பகுதியை எனக்கு வாசித்துக் காட்டினார். அந்த அம்மா சொன்னது இது: பின்னால் யாரோ லொய்ப்பெ என்று கத்தியது கேட்டது, அந்தச் சத்தம் கேட்டால் வலது பக்கம் விலகிக் கொடுப்பது சிறுவயது முதல் எனக்குப் பழக்கம், ஆகவே யோசிக்காமல் வலது பக்கம் விலகினேன், அதே பக்கத்தால் வந்துதான் மோதினார்கள்.

நான் தண்ணீர் கேட்டேன். தந்தார்கள். கரோலினாவின் பெயர் கோப்பில் இருந்து எடுபடுமா என்று கேட்டேன். எடுபடும் என்று அதிகாரி சொன்னார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த அம்மா அசையாமல் நின்றிருப்பார், நான் அவரைத் தாண்டிப் போயிருப்பேன். இது எனக்கு இன்றுதான் தெரியும். அதையும் எழுதச் சொன்னேன்.

அவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அவர் சம்மதித்தால் போகலாம் என்று பதில் கிடைத்தது. கேட்டுச் சொல்லும்படி விண்ணப்பிக்கிறேன்.

இங்கே எழுதப்பட்டதை மொழிபெயர்ப்பாளர் எனக்கு முதல் வரியில் இருந்து வாசித்துக் காட்டினார். நடந்தது இவ்வளவுதான், ஒருவரையும் காப்பாற்றுவதற்காக இதில் ஒன்றும் சேர்க்கவில்லை. வலது கை கட்டில் இருப்பதால் இடது கையால் எழுதுகிறேன், கொஞ்சம் நேரம் எடுக்கிறது. கடவுச்சீட்டில் இருக்கும் ஒப்பத்தோடு இது பொருந்தாது. பெயர் என்னுடையது.

(ஒப்பம்) பிலேந்திரன் அருள்ராணி