சுத்தியலின் நிறம்

1986 நவம்பர் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை, காலை எட்டு ஐம்பது. காபி அப்போதுதான் வடிந்து முடிந்திருந்தது. நான் போடும் காபி நன்றாக இருக்காது. எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் என் கடைக்குத் துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்கள் ஒரு கோப்பை குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

லீலண்ட் க்ராட்சரும் அவன் தம்பி ராய்ஸும் வந்தார்கள். லீலண்ட் ஒரு போர்வைச் சுருளை மேசைமேல் பிரித்தான். அவர்கள் தாத்தாவின் துப்பாக்கி, அடியிலுள்ள லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. நூறு வயது. குழல் பழுப்பேறியிருந்தது. கட்டையில் கீறல்கள்.

"இத புதுசு மாதிரி ஆக்கிக் குடு, ஓரன். குழலுக்கு நீலம் ஏத்து, கட்டைய இழைச்சு வார்னிஷ் அடி. மான் சீசனுக்கு எடுத்துட்டுப் போகணும்."

"அண்ணனுக்கு எல்லாம் பளபளன்னு இருக்கணும்" என்றான் ராய்ஸ். "தலை ஏற்கெனவே ஆயிடுச்சு. அடுத்து துப்பாக்கி."

"மூடுடா. போன வருஷம் மான்னு நெனச்சு மரத்தச் சுட்டவன் நீ."

"அந்த மரம் ஓடப் பாத்துச்சு."

நான் சிரிக்கவில்லை. துப்பாக்கியின் சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டாவை அடிக்கும் அந்தச் சிறு இரும்புத் துண்டை, செய்த காலத்தில் எலும்புக் கரியோடு பெட்டியில் அடைத்துக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். நீலமும் வைக்கோல் நிறமும் ஊதாவும் அதன்மேல் எழும். இருபது வருடம் கைபட்டால் போய்விடும். இதில் போகவில்லை. முப்பத்தொரு வருடத் தொழிலில் அப்படி ஒன்றை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மெருகேற்ற வேண்டாம் என்றேன். இழைத்தால் பாதி விலைக்குக்கூடப் போகாது, போன நிறத்தை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது என்றேன். அது உண்மை. பழைய துப்பாக்கி சேர்ப்பவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

"அழுக்கா இருந்தா விலை ஜாஸ்தியா?" என்றான் லீலண்ட். "அப்ப ராய்ஸ் கோடீஸ்வரன்."

ஆனால் ஒப்புக்கொண்டான். கிளம்பும்போது, "உள்ள மட்டும் பிரிச்சுப் பாத்துரு. பத்திரமா இருக்கணும், அவ்வளவுதான்" என்றான்.

பிற்பகலில் பிரித்துப் பார்த்தேன். சுத்தியலின் அடியில் இரண்டு வெட்டுகள் உண்டு. பாதி இழுத்தால் முதல் வெட்டில் நிற்கும். அப்படி நிறுத்தித்தான் காட்டில் சுமந்து நடப்பார்கள். இந்த வகைத் துப்பாக்கியில் வேறு பாதுகாப்பு கிடையாது. முதல் வெட்டின் உதடு உடைந்திருந்தது. திரும்பப் பூட்டி, பாதியில் நிறுத்தி, மரச்சுத்தியால் ஒரு தட்டு தட்டினேன். சுத்தியல் விழுந்தது. தோட்டா இருந்திருந்தால் விசையைத் தொடாமலே வெடித்திருக்கும். மறுபடி நிறுத்தித் தட்டினேன். விழுந்தது.

பற்றவைத்துப் புதிதாக வெட்டினால் அரைமணி நேர வேலை. அந்தச் சூட்டில் நிறம் கருகிவிடும். வேறு சுத்தியல் தேடிப் பொருத்தலாம். வந்து சேர ஆறு வாரம். சொன்னால் லீலண்ட் ஆறு வாரம் காத்திருக்க மாட்டான். இன்றைக்கே பற்றவை என்பான். அவனுக்கு நிறம் ஒரு பொருட்டில்லை.

அதனால் சொல்லவில்லை.

புதன்கிழமை வாங்கிப் போக வந்தான். "எல்லாம் சரியா இருக்கா?"

"அசல் அப்படியே இருக்கு. சுவத்துல மாட்டி வை. காட்டுக்கு எடுத்துட்டுப் போகாத."

"எங்க தாத்தா இத சுவத்துல மாட்டவா வாங்கினாரு?"

"அப்ப நனைய விடாத" என்றேன்.

காட்டுக்கு வேண்டாம் என்று நான் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை வந்த நன்றித் திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை மான் சீசன் தொடங்கியது. ராய்ஸ் முன்னால் நடந்தான். ஈரச் சருகில் லீலண்ட் வழுக்கி விழுந்தான். துப்பாக்கி கல்லில் மோதி வெடித்தது. ராய்ஸுக்கு நாற்பத்தொரு வயது.

"விழும்போது என் விரல் விசையில பட்டிருக்கும்" என்று லீலண்ட் போலீசிடம் சொன்னான். யாரும் அவனிடம் அப்படிக் கேட்கவில்லை. நான் பிரித்துப் பார்த்த துப்பாக்கியில் குறை இருக்காது என்று நம்பினான்.

போலீஸ் அதைப் பரிசோதிக்க என்னிடம்தான் கொண்டுவந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் இல்லை. படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: விசையைத் தொடாமல் வெடிக்குமா? சுத்தியலைப் பாதியில் நிறுத்தித் தட்டினேன். மூன்று முறை. விழவில்லை. வெடிக்காது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இந்த முறை விரல்கணுவால் தட்டினேன்.

வெடிக்கும் என்று எழுதியிருந்தால் சாட்சிப் பொருளாக வருடக்கணக்கில் எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள். போலீஸ் சாட்சிப் பொருள்களை வைக்கும் அறை ஈரமானது. அதையும் யோசித்தேன்.

லீலண்டைச் சிறையில் போடவில்லை. வேட்டை உரிமத்தை மட்டும் பறித்தார்கள். ராய்ஸின் மனைவி ஆர்லீன் அவனைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போகிறாள். தேவாலயத்தில் அவன் கடைசி வரிசையில் உட்காருகிறான். திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வரும்போது எடுத்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுகிறான். நான் அவனுக்கு இரண்டு வரிசை முன்னால். எனக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த வசந்தத்தில், போலீஸ் திருப்பித் தந்ததும், லீலண்ட் துப்பாக்கியை என்னிடம் கொண்டுவந்தான்.

"இத அறுத்துப் போட்ரு. துண்டு துண்டா."

சரி என்றேன். அறுக்கவில்லை. உலர்ந்த அலமாரியில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். நிறம் துளிகூட மங்கவில்லை. வெட்டு உடைந்தது உடைந்தபடியே இருக்கிறது. யாராவது ஒருவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

குறை எனக்குத் தெரியும். ராய்ஸ் சாவதற்கு முன்பே தெரியும். பதினோரு வருடமாக இதை யாரிடமும் சொல்லாததற்குக் காரணம், அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க நான் விரும்பினேன் என்பதுதான். வீட்டுக் கதவை யாராவது விரல்கணுவால் தட்டினால் நான் எழுந்து போவதில்லை. மனைவியைத் திறக்கச் சொல்வேன்.

போன செவ்வாய்க்கிழமை லீலண்ட் கடைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு சொன்னான்:

"ஓரன், விழுந்தப்ப என் ரெண்டு கையும் சருகுல ஊனியிருந்த மாதிரி இப்பல்லாம் தோணுது. நெஜம்தானா, நானே கற்பன பண்ணிக்கிட்டதான்னு தெரியல. அத பிரிச்சுப் பாத்தவன் நீதானேடா. என் விரல் படாமலே அது வெடிச்சிருக்குமா?"