ஓடுதளம் உங்களுக்குத்தான்

மேடையில் வீற்றிருக்கும் நிலைய இயக்குநர் அவர்களே! முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே! ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கும் தோழர்களே! வணக்கம்.

விமான நிலையக் கோபுரத்தில் முப்பத்தோராண்டு நின்ற நம் 'கோபுரத்து அண்ணன்' மறைந்துவிட்டார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வருகிறது. மன்னியுங்கள்.

அண்ணனின் வேலை என்ன? நிமிடத்துக்கு ஒரு மைல் ஊர்ந்து வரும் பயிற்சி விமானமும், இரண்டு மைலுக்குமேல் பாய்ந்து வரும் ஜெட்டும் ஒரே ஓடுதளத்தைச் சுற்றும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் மேசையில் அதன் பெயர் எழுதிய ஒரு காகிதச் சீட்டு. மெதுவாக வரும் விமானம் இறங்கி ஓடுதளத்தை விட்டு விலகும்வரை அதன் சீட்டிலிருந்து அண்ணன் விரலை எடுக்கமாட்டார். நாங்கள் கேலி செய்வோம். "காத்துல பறந்துடுமாண்ணே?" என்போம். "பறக்குறதுதானே அதோட வேலை" என்பார்.

இரண்டாண்டுக்கு முன் ஒருநாள் ஒரு மாணவி முதன்முதலாகத் தனியே பறந்தாள். பின்னால் ஒரு ஜெட், உள்ளே பெரிய மனிதர். ஜெட்டுக்குத் தாமதம் ஆகக்கூடாதே என்று மாணவியிடம், "சீக்கிரம் ஓடுதளத்தை நோக்கித் திரும்புங்கள்" என்று ஓர் உத்தரவு போனது. பதறிப்போனவள் தாழ்வான உயரத்தில் சடாரென்று திருப்பினாள். விமானம் ஒருபக்கமாய்ச் சாய்ந்தது!

அண்ணன் மைக்கைப் பறித்தார். "இறக்கைய நேராக்குங்கம்மா. அவசரமே இல்ல. ஓடுதளம் உங்களுக்குத்தான்." அடுத்த மூச்சில் ஜெட்டிடம், "இறங்காதீங்க, மேல போய் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

"உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியுமா?" என்று ஜெட் விமானி கத்தினார்.

"எங்க சீட்டுல விமானத்தோட பேர எழுதத்தான் சார் இடமிருக்கு."

மாணவி பத்திரமாக இறங்கினாள். அண்ணனுக்குக் கிடைத்தது என்ன? மெமோ! கோபுரத்திலிருந்து இறக்கி, ஜன்னலில்லாத பழைய கோப்பறையில் உட்கார வைத்தார்கள். வானத்தைப் பார்த்தே வாழ்ந்த மனிதர் கடைசி இரண்டாண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தவறான உத்தரவைக் கொடுத்தது யார்? பதிவேட்டில் அண்ணன் பெயர் இருக்கிறது. எழுதியதும் அவரே. ஆனால் இயக்குநர் அவர்களே, கொடுத்தவன் நான்! என் மகள் அப்போது மருத்துவமனையில் கிடந்தாள். "நீ வீட்டுக்குப் போடா, இத நான் பாத்துக்கறேன்" என்றார். நானும் போனேன். இரண்டாண்டு வாய் திறக்கவில்லை. அண்ணி, உங்கள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தகுதியில்லை.

அன்று கத்திய ஜெட் விமானி இன்று கடைசி வரிசையில் நிற்கிறார். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு சொன்னது சரிங்க. நான்தான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார். நாம் இருவருமே தாமதமாக வந்திருக்கிறோம் ஐயா.

இப்போது ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது: பெரிய விமானம் வந்தால் சிறியதை அவசரமாகத் திருப்பி இறக்க வேண்டுமாம். திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். பதறாத காரியம் சிதறாது என்று தெரிந்தவன் அதில் கையெழுத்துப் போடுவானா? நான் போடமாட்டேன்! பதிவேட்டைத் திருத்துங்கள், என் பெயரை எழுதுங்கள், கோப்பறைச் சாவியையும் கொடுங்கள்.

அதுவரை நாளைக் காலை ஆறு மணி ஷிப்ட் என்னுடையது. முதல் சீட்டு பயிற்சி விமானத்தினுடையது. அது ஓடுதளத்தை விட்டு விலகும்வரை, அண்ணே, என் விரல் அந்தச் சீட்டின்மேல்தான் இருக்கும்.