ஏரிக்குப் போற நாள்ல செண்ட் கிடையாது

இல்லைங்க மேடம், காபியெல்லாம் வேணாம். உட்கார்ந்தாலே போதும். உங்க படகு ஓட்டறவரோட சம்சாரம் நான். ஆமா, அவரேதான். நான் வந்தது அவருக்குத் தெரியாது. இது எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி. ஏரித் தண்ணிதானே எங்க தெருவுக்கும் வருது? நீங்க ஆராய்ச்சிக்காக ஏரியில தேடுற அந்த ரசாயனம் இதுல இருக்கான்னு பார்த்துச் சொல்லணும்.

கண்ணாடிப் பாட்டில்தான், பயப்படாதீங்க. மூடியோட பிளாஸ்டிக் தண்ணியில படாம உள்ளே அலுமினியத் தாள்கூட வெச்சிருக்கேன். யாரு சொல்லிக் குடுத்தாங்களா? எங்க வீட்டுல விடிஞ்சா மேடம் புராணம்தானே!

ஊர்ல எல்லாப் பொம்பளையும் புருஷன் புதுசா செண்ட் அடிச்சாத்தான் சந்தேகப்படுவாங்க. எனக்கு வாய்ச்சவர் செண்ட் அடிக்காம கிளம்பறாரு. அதுவும் உங்களோட ஏரிக்குப் போற அன்னிக்கு மட்டும்! தலைக்கு க்ரீம் கிடையாது, முகத்துக்குப் பவுடர் கிடையாது. கேட்டா, செண்ட்லயும் அந்தச் சாமான் இருக்காம், கையில இருந்து பாட்டில்ல பட்டா சோதனையே தப்பாயிடுமாம், மேடம் சொன்னாங்களாம். அந்த செண்ட் எனக்குத் தலைவலி, விட்டுடுங்கன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கெஞ்சறேன். எனக்காக விட்டாரா?

சிரிக்காதீங்க மேடம். எனக்கு வயிறு எரியுது.

போன வாரம் சமையலறையில இருந்த பிளாஸ்டிக் டப்பா பூராவும் வெளிய போயிடுச்சு. பிளாஸ்டிக் நல்லா வளையறதுக்கு எண்ணெய் மாதிரி ஒண்ணு சேர்க்கறாங்களாம். அது பிளாஸ்டிக்குள்ளயே நிக்காதாம், கொஞ்சங்கொஞ்சமா கசிஞ்சுடுமாம். கரையில கிடக்கற குப்பையில இருந்தும், பிளாஸ்டிக் குழாய் செய்யற ஃபேக்டரி வாய்க்கால்ல இருந்தும் ஏரிக்கு வந்து சேத்துல தங்கிடுமாம். என்கிட்ட உப்பு இருக்கா, சட்டை எங்கேன்னு மட்டும் பேசற மனுஷன், இதையெல்லாம் ஒரு மணி நேரம் பேசறாரு. அத்தனையும் நீங்க பேசினது. உங்க குரல்லயே பேசறாரு மேடம், கையைக் கூட உங்கள மாதிரியே... பாருங்க, இப்ப நீங்க ஆட்டறீங்களே, இப்படியே!

நேத்து சாப்பிடறப்ப மீன் கதை. இந்த ரசாயனம் ஏறினா முட்டை சரியாப் பொரியாம போகலாம், குஞ்சு நல்லபடியா வளராம போகலாம்னு மேடம் கவலைப்படறாங்கன்னாரு. சொல்லிட்டு அவர் பாட்டுக்குச் சாப்பிட்டாரு. நான் தட்டைத் தள்ளி வெச்சுட்டேன். உங்க பேச்சு வந்ததுக்காக இல்ல, அது பழகிப் போச்சு. மீன் முட்டைக்கே அப்படின்னா...

ஆமா மேடம். மூணாவது மாசம். நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க.

இல்ல, அவருக்கு இன்னும் தெரியாது. இந்தத் தண்ணியத்தானே தினம் குடிக்கறேன், பயம் தெளிஞ்சதும் சொல்லலாம்னு இருக்கேன். முடிவு வந்தா எனக்கே ஃபோன் பண்ணுங்க. கெட்டதா இருந்தாலும் எனக்கே பண்ணுங்க. படகுல பேச்சோட பேச்சா அவர்கிட்ட சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அப்புறம் அந்த மனுஷன் வீட்டுக்கு வந்து, நீ உண்டாயிருக்கியாமே, மேடம் சொன்னாங்கன்னு என்கிட்டயே சொல்வாரு.